கேஷுவலில் செல்லுபடியாகும் மூன்று வித்தை: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, நான்கு வாரப் பயிற்சிக் குறிப்பு

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இருவர் மோதும் சண்டை வீடியோ கேம். கேஷுவல் என்றால் புள்ளி போகாத ஆட்டம், ரேங்க்ட் என்றால் புள்ளிக்கான ஆட்டம். கதாபாத்திரம் ரியூ, கிளாசிக் கன்ட்ரோல் (விசேஷ அடிகளைத் திசை உள்ளீட்டோடு போடும் முறை). தினம் 40 நிமிடம். அதில் 15 நிமிடம் ட்ரெயினிங் மோட், மீதி ஆட்டம்.

நண்பர்கள் கூடி ஆடும்போது மூன்று வித்தை எப்போதும் எடுபடும்: குதித்து வந்து ஹெவி கிக், தூரத்திலிருந்து சும்மா விடும் டிரைவ் இம்பாக்ட் (அடி வாங்கிக்கொண்டே பாயும் கனத்த அடி), விழுந்து எழும்போதே ஓவர்டிரைவ் ஷோரியுகென் (கூடுதல் ஆற்றலைச் செலவழித்து எழும்பிக் குத்துவது). மூன்றுக்கும் பதில் உண்டு. எதிரில் இருப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ரேங்க்டில் மேலே போகப் போக அந்தப் பதில் வரத் தொடங்கும். அதனால் இந்த நான்கு வாரத்தில் புதுக் காம்போ (தொடர் அடி) ஒன்றுகூடக் கிடையாது. பத்து அடி காம்போ தெரிந்தும் குதிப்பவரை நிறுத்தத் தெரியாதவர்கள்தான் ரேங்க்டில் அதிகம் புலம்புகிறார்கள்.

முதல் வாரம்: குதிப்பவரை இறக்குவது

டம்மி ரெக்கார்டிங்கில் (நாம் பதிவு செய்த அசைவைப் பயிற்சி எதிராளி திரும்பச் செய்யும் வசதி) முதல் ஸ்லாட்டில் முன்னோக்கிக் குதித்து உதைப்பதைப் பதிவு செய்து ஓடவிட்டால், பத்து நிமிடத்தில் எல்லாக் குதியும் க்ரவுச் ஹெவி பஞ்சில் (குனிந்தபடி விடும் பலத்த குத்து) மாட்டும். நம்பவேண்டாம். விரல் தாளத்தைப் பிடித்துக்கொண்டது, கண் எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது ஸ்லாட்டில் ஒரு நொடி சும்மா நிற்பது, மூன்றாவதில் முன்னே நடந்து வந்து த்ரோ (பிடித்து எறிவது) என்று பதிவு செய்து, மூன்றையும் ரேண்டமாக ஓடவிட்டால் வண்டவாளம் தெரியும். பத்துக்கு ஏழு குதியை இறக்கிய பிறகே ஆன்லைன். பார்வை நம் ரியூமேல் இருக்கக்கூடாது. எதிராளியின் தலைக்கு மேலுள்ள வெற்றிடத்தில் இருக்கவேண்டும்.

ட்ரெயினிங்கில் சரியாக வந்தது ஆட்டத்தில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் அனிச்சை குறைவு அல்ல. கை வேறு வேலையில் இருந்திருக்கும். ஒரு ஹடோக்கென் (தூரத்துக்கு வீசும் ஆற்றல் பந்து) விட்டால் ஏறத்தாழ முக்கால் நொடி ரியூ கட்டுண்டு நிற்பார். குதிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு அதை வீசினால் ஆன்டி-ஏருக்கு, அதாவது குதிப்பவரை இறக்கும் அடிக்கு, நேரமே இருக்காது. அந்தத் தூரத்தில் ஹடோக்கெனைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தலையைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கும் குதிக்கு க்ரவுச் ஹெவி பஞ்ச் பெரும்பாலும் தவறும்; அதற்கு பிளாக்தான்.

இரண்டாம் வாரம்: டிரைவ் இம்பாக்ட்

அதிக நேரம் தின்றது இதுதான். இம்பாக்ட் அடியாக மாற 26 ஃப்ரேம் ஆகும். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 0.43 நொடி. பார்த்து அழுத்த மனிதருக்குக் கால் நொடி, அதாவது 15 ஃப்ரேம் போய்விடும். மிச்சம் 11. டிவியில் கேம் மோட் (படம் தாமதிப்பதைக் குறைக்கும் அமைப்பு) போடாமல் ஆடினால் அதிலும் சில ஃப்ரேம் பறிபோகும். முதலில் அதைப் பாருங்கள், பிறகு கையைக் குறை சொல்லலாம்.

பதில் எளிது: அவர் விட்ட பிறகு நாமும் விடவேண்டும். பின்னால் விட்டவருடையது வெல்லும். ஆனால் சும்மா நின்றுகொண்டு இதைப் பழகுவதில் பயனில்லை. டம்மி ஒரு ஸ்லாட்டில் இம்பாக்ட், இன்னொன்றில் வெறும் நடை. நாம் க்ரவுச் மீடியம் கிக், அதிலிருந்து ஹடோக்கென் என்று தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். பொறி அங்கேதான். இம்பாக்டின் ஆர்மர் (அடி பட்டும் நிற்காத தன்மை) இரண்டு அடியைத் தாங்கும். கிக் ஒன்று, ஹடோக்கென் இரண்டு, கணக்கு சரியாகப் போச்சு. நாம் ஹடோக்கெனில் சிக்கி நிற்க, அவர் அடி விழும். கேஷுவலில் யோசிக்காமல் ஓடும் இந்தத் தொடரை ரேங்க்டில் சிலமுறை கிக்கோடு நிறுத்தினால், அந்தக் கிக்கையே இடையில் வெட்டி இம்பாக்டாக கேன்சல் செய்து திருப்பிக் கொடுக்கலாம்.

சுவரோரம் நின்று பிளாக் செய்தாலும் சுவரில் மோதவைக்கும். டிரைவ் கேஜ் (இம்பாக்ட் போன்றவற்றுக்குச் செலவாகும் ஆற்றல் அளவி) தீர்ந்து பர்ன்அவுட் ஆகியிருந்தால் அதே அடி ஸ்டன், கொஞ்ச நேரம் அசைய முடியாது. நம்மிடம் பதில் இம்பாக்டும் இருக்காது. அப்போது கைகொடுப்பது சூப்பர் ஆர்ட் (தனி அளவி நிரம்பினால் கிடைக்கும் பெரிய அடி). அது ஆர்மரை உடைக்கும்.

மூன்றாம் வாரம்: எழும்போது வரும் ஷோரியுகென்

டம்மியின் வேக்அப் ரிவர்சலில் (விழுந்து எழும்போது அது செய்வதைத் தீர்மானிக்கும் அமைப்பு) ஓவர்டிரைவ் ஷோரியுகென் ஒன்று, சும்மா பிளாக் ஒன்று, ரேண்டம். வீழ்த்தி, அருகே போய், பிளாக் செய்து காத்திருக்கவேண்டும். பிளாக் ஆனதும் அவசரத்தில் ஜாப் (லேசான குத்து) தட்டுவதுதான் கேஷுவல் கை. அவர் இன்னும் காற்றில் இருக்கிறார். ஜாப் பட்டாலும் சில்லறைதான் தேறும். தரையில் இறங்கும்வரை விட்டு ஹெவி பஞ்சில் தொடங்கினால் பனிஷ் கவுன்டர் (தவறிய அடியிலிருந்து மீளாதவரை அடிப்பதற்கான சலுகை): அந்த அடிக்கு 20 சதவீதம் கூடுதல் சேதம், மேலும் 4 ஃப்ரேம் சாதகம். காம்போ அதற்குப் பிறகு.

இடையில் ஒரு தொல்லை. முன்னே நடந்தபடி ஹடோக்கென் போட்டால் ஷோரியுகென் வருகிறது. முன், கீழ், குறுக்கு என்ற உள்ளீடு அதற்குள் ஒளிந்திருப்பதே காரணம். நடையை ஒரு நொடிப்பொழுது நிறுத்தி, கீழிலிருந்து தொடங்கினால் சரியாகிவிடும்.

நான்காம் வாரம்: எதை எங்கே ஆடுவது

ரேங்க்டில் மூன்றில் இரண்டு ஜெயித்தால் முடிந்தது. எதிராளியைப் படிக்க அவகாசமில்லை, பழக்கம் மட்டுமே பேசும். கேஷுவல் மேட்சில் அதே ஆளோடு தொடர்ந்து ஆடலாம், புள்ளியும் போகாது. எனவே கேஷுவலில் ஒரே விதி: இன்று குதி மட்டும், நாளை இம்பாக்ட் மட்டும். ஜெயித்தோமா என்பதைக் குறிக்கவேண்டாம். பத்துக் குதியில் எத்தனை இறக்கினோம் என்பதைக் குறித்தால் போதும். ரீப்ளேயில் ஃப்ரேம் மீட்டரை (அசைவுகளை ஃப்ரேம் வாரியாகக் காட்டும் பட்டை) போட்டு, ரவுண்டைத் தோற்கடித்த அடிக்கு முந்தைய நொடியை மட்டும் பார்ப்பது முழு ஆட்டத்தையும் பார்ப்பதைவிட உபயோகம்.

மாடர்ன் கன்ட்ரோல்காரர்களிடம் (எளிதாக்கிய பொத்தான் முறையில் ஆடுபவர்கள்) தோற்றால் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஒரே பொத்தானில் ஷோரியுகென் வருவதால் அவர்களிடம் குதிப்பதே வீண். பதிலுக்கு அந்த ஷார்ட்கட் அடிக்கு 80 சதவீதச் சேதம்தான். நடந்து போய் த்ரோ போடுங்கள்.

இன்னும் கைவராதது டிரைவ் ரஷ்ஷில் (டிரைவ் கேஜைச் செலவழித்து வேகமாக முன்னேறுவது) பாய்ந்து வருபவரை ஜாபால் நிறுத்துவது. அடுத்த ரெக்கார்டிங்: ஒரு ஸ்லாட்டில் ரஷ், ஒன்றில் இம்பாக்ட், ஒன்றில் குதி. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பொத்தான்.