செண்பகத்தின் இறக்கைக்கடியில்

போன வருடம் ஒரு மைனா என் கையிலேயே செத்தது. அதைச் சொல்லாமல் செண்பகத்தை, அதாவது செம்போத்துப் பறவையை, பற்றி மட்டும் சொன்னால் பாதியை மறைத்த மாதிரி ஆகிவிடும்.

மைனாவின் தொடையை எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நாய் கடித்திருந்தது. நாங்கள் பார்த்தபோது புண்ணில் புழு வைத்துவிட்டது. மாட்டுக்குப் புழு வைத்தால் எங்கள் அப்பாயி தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் புண்ணுக்குள் ஊற்றுவார். புழு நெளிந்துகொண்டு வெளியே கொட்டும். மாடு பிழைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அதையே மைனாவுக்கும் செய்தோம். புழு வரத்தான் செய்தது. இரண்டு பேர் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் எடுத்தோம். கடைசிப் புழுவை எடுத்து முடித்தபோது மைனா கண்ணை மூடியிருந்தது. இறகெல்லாம் எண்ணெயில் ஒட்டிப்போய், தொட்டால் பீலித் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

இந்த ஜூலையில் செண்பகம் வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில், 1,200 மீற்றருக்கு மேலே. நாலு நாளாக மழை விடவில்லை. கொழுந்து எடுக்கப் போன சித்தி, தேயிலைச் செடிக்கடியில் ஒடுங்கிக் கிடந்ததாகச் சொல்லிப் படங்கில் சுற்றிக் கொண்டுவந்து இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) வைத்தார். மாலை ஐந்து மணி இருக்கும். புண் கண்ணில் படுவதற்கு முன்னால் வாடை மூக்கில் ஏறியது. பறவையிடமிருந்து இனிப்பும் அழுகலுமாய் ஒரு நாற்றம் வந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் புழு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்துக் காம்பிரா மாமா எட்டிப் பார்த்து, "செண்பகச் சூப்பு இளைப்புக்கு நல்லதும்மா, வீணாக்காத" என்றார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உறவில் ஒரு தங்கச்சி பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். நான் வலது கையில் சாவணத்தை (சின்ன இடுக்கியை) தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பறவை சூடா இருக்கா, குளிரா இருக்கா?"

குளிராக இருந்தது.

"அப்போ புழுவத் தொடாதீங்க. முதல்ல சூடு."

எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணெதிரே புழு நெளிகிறது, சும்மா இருக்கச் சொல்கிறாள். ஆனால் மைனா ஞாபகம் வந்தது. பறவையின் உடம்புச் சூடு சாதாரணமாகவே நாற்பது, நாற்பத்தொரு பாகை. அடிபட்டு, நனைந்து, பட்டினியாகக் கிடந்து அந்தச் சூடு இறங்கியிருக்கும்போது கையில் பிடித்துக் குடைந்தால் அதிர்ச்சியிலேயே இருதயம் நின்றுவிடும். காட்பொட் பெட்டியின் ஒரு பாதியில் வெந்நீர் போத்தலைத் துணியில் சுற்றி வைத்து, மறுபாதியை விட்டுவிட்டேன், சூடு அதிகமானால் அது தானாக நகர்ந்துகொள்ள. மூடியில் காற்றுக்கு ஓட்டைகள் போட்டு, இருட்டாக மூடி வைத்தேன். வாயில் தண்ணீர் ஊற்றப் போன அப்பாயியைத் தடுத்துவிட்டேன். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. நாம் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

அரை மணி நேரத்தில் பெட்டிக்குள் கால் பிராண்டும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் வேலை தொடங்கியது.

அரை லீட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஒரு தட்டைத் தேக்கரண்டி உப்பு. ஊசி கழற்றிய சிரிஞ், சாவணம், பழைய டூத் பிரஷ், போன் டோர்ச். சித்தி துணியால் தலையை மூடி, கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். செண்பகத்தின் பின்விரல் நகம் நீளமானது, சும்மா விடாது. கண் மறைந்தால் பறவை பாதி அடங்கிவிடும். நெஞ்சை மட்டும் அழுத்திப் பிடிக்கக்கூடாது. பறவைக்கு நெஞ்சு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு.

இடது இறக்கையைத் தூக்கியதும் சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்குளில் ஒரு ரூபாக் குற்றி அளவு புண். அதைச் சுற்றி இறகின் அடியில் ரவையை அள்ளிக் கொட்டின மாதிரி வெளிர் மஞ்சளாய் ஈ முட்டை. நான் புண்ணுக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி போனிலேயே திட்டினாள்: "முட்டைய விட்டுட்டீங்கன்னா காலையில மறுபடி புழு." எங்கள் ஊர்க் குளிரில் முட்டை பொரிக்க நாளாகும் என்று நினைத்திருந்தேன். முட்டை இருப்பது வெளியே அல்ல, நாற்பது பாகை உடம்பின் மேல். ஒரு இரவே போதும். முட்டை இறகில் பசை போல ஒட்டியிருக்கும், தண்ணீர் ஊற்றினால் போகாது. நனைந்த டூத் பிரஷால் இறகு போகும் திசையிலேயே சீவி எடுத்தேன். சில இடங்களில் அந்த ஒரு சிற்றிறகையே வெட்டினோம்.

புழுவுக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. அது தலையைச் சதைக்குள் புதைத்துத் தின்னும். மூச்சு விடும் துளைகள் வால் பக்கம். அதனால் வால் நுனிகள் மட்டும் புள்ளி புள்ளியாய் வெளியே தெரியும். சாவணத்தால் இழுத்தால் உள்ளே சுருங்கிக்கொள்ளும், அல்லது அறுந்து பாதி உள்ளேயே தங்கி அழுகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைச் சிரிஞ்சால் மெதுவாகப் பாய்ச்சி, புண் நிரம்ப விட்டுக் காத்திருந்தால் மூச்சுக்குத் திணறி மேலே வரும். அப்போது ஒவ்வொன்றாக எடுக்கலாம். எடுத்தவற்றைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டேன்.

பத்து நிமிடம்தான். தங்கச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இன்னும் பத்துப் பதினைந்து புழு தெரிகிறது, கை நிறுத்த மாட்டேன் என்கிறது. ஆனாலும் நிறுத்தி, துடைத்து, மறுபடி சூட்டுப் பெட்டியில் வைத்தோம். அன்றிரவு அப்படி நாலு தடவை. இடையில் அப்பாயி கற்பூரப் போத்தலை இரண்டு முறை கொண்டுவந்து வைத்தார், நான் இரண்டு முறையும் எடுத்து அலுமாரியில் வைத்தேன். கற்பூரம், டெட்டோல், மண்ணெண்ணெய், டர்பன்டைன் எதுவும் இவ்வளவு சின்ன உடம்பு தாங்காது. எண்ணெய் படிந்த இறகு குளிரையும் தடுக்காது, மழையையும் தடுக்காது.

காலையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து விவரம் சொன்னேன். காட்டுப் பறவையைச் சொல்லாமல் வீட்டில் வைத்திருப்பது சட்டத்துக்கு மாறு, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அப்புறம் முன்பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹட்டன் கண்டி பஸ்ஸில் ஏறினேன். கினிகத்தேனை வளைவுகளில் எனக்குத்தான் தலை சுற்றியது. செண்பகம் அசையவே இல்லை. நாவலப்பிட்டி வரும்வரை அது உயிரோடு இருக்கிறதா என்று ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து ஸீட் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். கருவாடு என்று நினைத்திருப்பார்.

பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் டொக்டர் முதலில் நான் சுத்தம் செய்த இடத்தைப் பார்க்கவே இல்லை. காது, மூக்குத் துவாரம், வாய், கண்ணோரம், கடைசியாக எச்சத் துவாரம் என்று வரிசையாகப் பார்த்தார். எச்சத் துவாரத்தைச் சுற்றி ஒரு கொத்து சின்னப் புழு இருந்தது. ராத்திரி முழுக்க நான் அந்தப் பக்கம் டோர்ச்சே அடிக்கவில்லை! எச்சமும் ஈரமும் உள்ள இடத்துக்கு ஈ தானாக வரும், அங்கே புண் இருக்கவேண்டும் என்றே இல்லையாம்.

எடை போட்டார்கள், 240 கிராம். ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி ஊசி மருந்தை நீர்க்கச் செய்து ஒரு துளியிலும் குறைவாகக் கொடுத்தார். எங்கள் தோட்டத்தில் மாட்டுக்காக இந்த மருந்தை வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு, அதனால் அந்தக் கணக்கையும் எழுதுகிறேன். பறவைக்கு வழக்கமாக ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். 240 கிராமுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிகிராம். மாட்டு மருந்தில் ஒரு மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. அந்தப் போத்தலிலிருந்து ஒரே ஒரு சொட்டு விட்டாலும் பத்து மடங்கு போய்விடும். எனவே இதை வீட்டில் செய்ய வேண்டாம். தோலுக்கடியில் சேலைன் ஏற்றி, வலிக்கும் கிருமிக்கும் மருந்து கொடுத்தார்கள். புண்ணின் ஓரத்தில் ஊசிக் குத்து மாதிரி இரண்டு ஓட்டைகளைக் காட்டி, பூனைப் பல் என்றார் டொக்டர். பூனை கடித்தால் புழுவை எடுத்தது மட்டும் போதாது. அதன் வாய்க் கிருமி இரண்டு மூன்று நாளில் பறவையைக் கொன்றுவிடும், அன்டிபயோட்டிக் கட்டாயம்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள், பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். முதல் நாள் ஏழு புழு, மறுநாள் காலையில் ஒன்று, அதற்கப்புறம் இல்லை. பெட்டியைக் கொசுவலையால் மூடினேன். அதுவரை புழுவைப் பற்றியே யோசித்த எனக்கு, ஈயைத் தடுக்க வேண்டும் என்பது தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் நத்தையை உடைத்து உள்ளே போட்டேன். நான் திரும்பும் முன் தின்றுவிட்டது. வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு வரும் வேலையை லயத்துப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வெட்டுக்கிளிக்கு ஒரு டொபி என்று பேரம், எனக்குத்தான் நட்டம்.

இருபத்தோராம் நாள் சித்தி கண்டெடுத்த அதே மலைக்குக் கொண்டுபோனோம். பறக்கும் என்று பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பெட்டியிலிருந்து இறங்கி, வாலை இழுத்துக்கொண்டு நடந்து, தேயிலைக்கடியில் புகுந்து போய்விட்டது. சூப்பு மாமாவும் வந்திருந்தார். "இறக்கை நேராத்தான் இருக்கு" என்றார்.

பெட்டியை எரித்தோம். கொசுவலையைக் கழுவிக் காயப்போட்டேன். அப்பாயி அதை அவரை விதை உலர்த்த எடுத்துக்கொண்டார்.