'பக்கம்' அடித்தால் 'பகம்' வருகிறது: மாமாவின் கீபோர்டு, இதுவரை

சிங்கப்பூர் தோ பாயோவில் மாமா வீட்டுக் கணினிதான் இந்த முறை. வயர்லெஸ் மெக்கானிக்கல் கீபோர்டு, ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்சைச் சாலிடர் இல்லாமல் கழற்றி மாட்டும் வகை. "தம்பி, எழுத்து சில நேரம் லேட்டா வருது, சில நேரம் வரவே மாட்டேங்குது, புதுசு வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். வாங்க வேண்டாம் மாமா, முதலில் பார்ப்போம் என்றேன். தாமதமாக வருவதும் வராமலே போவதும் பெரும்பாலும் ஒரே கோளாறாக இருப்பதில்லை, இரண்டையும் பிரித்துவிட்டால்தான் வேலை நகரும்.

மாமா தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பவர். அதில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும், க-வை இருமுறை தட்டினால் க்க. அவர் எழுதி வைத்திருந்ததைக் கூர்ந்து பார்த்தேன். பக்கம் பகம் ஆகியிருக்கிறது, அப்பா அபா, சத்தம் சதம். ஆனால் தங்கம், பந்து, வண்டி எதிலும் குறையே இல்லை. அதாவது வேறு வேறு விசைகள் அடுத்தடுத்து வந்தால் சரியாக விழுகிறது, ஒரே விசை வேகமாக இரண்டு முறை வந்தால்தான் இரண்டாவது காணாமல் போகிறது. என் பழைய வயர் கீபோர்டைச் செருகிப் பார்த்தேன், அதிலும் அதே பகம். சரி, கீபோர்டின் மேல் தப்பில்லை.

விண்டோஸ் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு, அங்கே ஃபில்டர் கீஸ் ஆனில் இருந்தது. கை நடுங்குபவர்களுக்காக வைத்திருக்கும் உண்மையிலேயே நல்ல வசதி அது. அதில் பவுன்ஸ் கீஸ் என்ற பகுதி எப்போதோ டிக் ஆகியிருக்கிறது, குறைந்தது அரை வினாடி இடைவெளி இல்லாவிட்டால் அதே விசையின் இரண்டாவது தட்டலைத் தள்ளிவிடும். க்க அடிப்பவர் யார் அரை வினாடி காத்திருக்கப் போகிறார்கள்?

அணைத்தேன். மறுநாளே திரும்ப ஆனாகிவிட்டது! பக்கத்தில் உட்கார்ந்து அவர் அடிப்பதைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிஃப்டோடு இடது கைப் பக்கம், அதனால் அவருடைய வலது சுண்டுவிரல் ஷிஃப்டுக்குப் போகிறது, சொல்லை யோசித்தபடி அப்படியே அங்கேயே இருந்துவிடுகிறது. வலது ஷிஃப்டை 8 வினாடி அழுத்திப் பிடிப்பதுதான் ஃபில்டர் கீஸை ஆன் செய்யும் குறுக்குவழி. ஒரு பெட்டி வந்து கேட்கும், அவர் ஆம் கொடுத்துவிட்டு எழுதிக்கொண்டே போகிறார். அந்தக் குறுக்குவழியையும் அணைத்த பிறகு அது திரும்பவில்லை.

அடுத்து தாமதம். போட்டோக்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைச் செருகும்போது மட்டும் எழுத்துகள் தேங்கித் தேங்கி மொத்தமாக வந்து விழுந்தன. கீபோர்டின் ரிசீவர் கணினியின் பின்பக்கம், ஹார்டு டிஸ்க் செருகிய யுஎஸ்பி 3.0 துளைக்கு ஒட்டினாற்போல இருந்தது. யுஎஸ்பி 3.0 ஓடும்போது வரும் மின் இரைச்சல், வயர்லெஸ் கீபோர்டு பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது, இன்டெல் 2012-இலேயே இதை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறது. சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரை மேசை மேல் கொண்டுவந்தேன், தேக்கம் போயே போச்சு. அடுக்குமாடி புளோக் முழுக்க வைஃபை நிறைந்த இடத்தில் ரிசீவர் கீபோர்டுக்கு நேர் எதிரே இருப்பது எப்படியும் நல்லது.

இரண்டும் தீர்ந்ததும் மூன்றாவது தலைகாட்டியது. கடல் என்று அடித்தால் எப்போதாவது க்கடல் வருகிறது. க ஸ்விட்ச் ஒரே தட்டலில் இரண்டு முறை தொடுகிறது, இத்தனை நாள் பவுன்ஸ் கீஸ்தான் அதை மூடி வைத்திருந்தது. உலோகத் தொடுமுனை கொஞ்சம் துள்ளுவது எந்த ஸ்விட்சிலும் இயல்பு, நல்ல ஸ்விட்சில் அது 5 மில்லி வினாடிக்குள் அடங்கிவிடும், அந்த அளவைக் கீபோர்டே வடிகட்டிவிடும். இது அதையும் தாண்டித் துள்ளுகிறது. இழுப்பானால் கழற்றிப் பார்த்தபோது இரண்டு கால்களில் ஒன்று மட்டும் பழுப்பேறியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தும் மாறவில்லை. அப்புறம் அதை அவர் தொடவே தொடாத பாஸ் (Pause) விசையின் ஸ்விட்சோடு இடம் மாற்றினேன், கீ டெஸ்டரில் இப்போது பாஸ்தான் இரட்டையாக விழுகிறது, க சுத்தமாக இருக்கிறது. ஆகப் பழுது ஸ்விட்சில், கீபோர்டின் சர்க்யூட் போர்டில் இல்லை.

மாமா இப்போதைக்கு நிம்மதியாக எழுதுகிறார். அடுத்து சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகள் பக்கம் போகும்போது அதே அழுத்தமுள்ள ஸ்விட்ச் கிடைக்கிறதா பார்க்க வேண்டும், கிடைத்தால் அதிகம் அடிபடும் த, ப, ம மூன்றுக்கும் சேர்த்தே வாங்கி வைத்துவிடுவேன்.