ரெண்டு பேருமே ஜெயிச்ச டிரா

டிரா ஆன செஸ் ஆட்டத்துக்குப் பிறகு ஹாலுக்கு வெளியே நின்று கேட்டுப் பாருங்கள். ஆடிய இருவருமே "நான் ஜெயிக்க வேண்டிய கேம்" என்பார்கள். வேடிக்கை பார்த்தவர் ஒருவர் குறுக்கே வந்து, "அந்த யானையை மட்டும் அங்க வெச்சிருந்தா முடிஞ்சுது" என்பார். எந்த யானை, எங்கே என்று கேட்டால் சரியாக அப்போதுதான் அவருக்கு போன் வரும்.

அப்புறம் வெற்றி எங்கே நழுவியது என்று பார்க்க, நகர்வுகளை எடைபோடும் செஸ் மென்பொருளான என்ஜினைத் திறப்பார்கள். முதல் கோளாறு இங்கேதான். என்ஜின் வாயைத் திறந்துவிட்டால், "நானும் அதைத்தான் யோசிச்சேன்" என்று மனசு பொய் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே, நகர்வுகளைக் குறிக்கும் தாளான ஸ்கோர்ஷீட்டில் எழுதிவிட வேண்டும்: எந்த நகர்வுக்கு எத்தனை நிமிடம் போனது, எதற்குப் பயந்து எதை விட்டோம், எங்கே "ஜெயிச்சாச்சு" என்று தோன்றியது. கடைசிக் கேள்விக்கான பதிலைப் பிறகு படித்தால் நல்ல தமாஷாக இருக்கும்.

ஆட்டத்தை முன்னாலிருந்து ஓட்டாதீர்கள். கைகுலுக்கிய இடத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். யார் எவ்வளவு முன்னிலை என்று என்ஜின் காட்டும் எண், 0.00, 0.00 என்று சமநிலையிலேயே வந்துகொண்டிருந்து, ஓரிடத்தில் திடீரென்று எகிறும். நழுவியது அங்கே. "23-வது மூவ்ல அந்த சாக்ரிஃபைஸ் பண்ணியிருக்கணும்" என்று புலம்பியவருக்குப் பெரும்பாலும் 41-வது நகர்வில் விடை கிடைக்கும். 40 நகர்வு முடித்தால் கூடுதல் நேரம் என்ற விதியில், அந்தக் கெடுவைத் தாண்டிய நிம்மதியிலேயே கை தானாக நகர்ந்திருக்கும்.

எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல என்ஜினில், 15.1 பதிப்பிலிருந்து +1.00 என்றால், அந்த என்ஜின் தன்னோடு தானே ஆடினால் வெல்ல ஏறக்குறைய 50 சதவீத வாய்ப்பு என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஸ்டாக்ஃபிஷுக்கே பாதிதான். ஆகவே +0.80 வந்த நகர்வை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள அவசியமில்லை. பலகையில் ராஜாக்களையும் சேர்த்து 7 காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், எல்லா நிலைகளுக்கும் விடை கணக்கிட்டு வைத்திருக்கும் தொகுப்பான டேபிள்பேஸைப் பாருங்கள். அது வெற்றி, டிரா, தோல்வி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும்.

அடுத்து, என்ஜினைச் சிறந்த மூன்று நகர்வு வரிசைகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் வெற்றி, மற்றவை டிரா என்றால் அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. 2018 லண்டன் உலக சாம்பியன்ஷிப்பின் 6-வது ஆட்டத்தில், கறுப்பில் ஆடிய சவாலாளர் கருவானாவுக்கு, அப்போதைய சாம்பியன் கார்ல்சனுக்கு எதிராக 68-வது நகர்வில் பிஷப்பை எச்4 கட்டத்துக்கு நகர்த்தினால் ஒரு வெற்றி இருந்தது (கட்டங்களின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை). அதன் தொடர்ச்சியில் குதிரையை ஜி1-க்குக் கொண்டுபோய்த் தானே சிறையில் வைக்க வேண்டும். யார் வைப்பார்? ஆட்டம் 80 நகர்வில் டிரா. அதை ஆடியிருந்தால் உடனே மெட்டல் டிடெக்டர் கேட்டிருப்பார்கள் என்று முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ் கிண்டலடித்தார். மூன்று வரிசையுமே ஜெயிக்கும்போது நாம் நான்காவது ஒன்றை ஆடியிருந்தால், அதுதான் அசல் கோட்டை விட்ட கணக்கு.

அசல் கணக்கில் வருபவை பெரும்பாலும் பழைய ஆசாமிகள். எதிராளிக்கு எச்8-இல் தனி ராஜா மட்டும் மிச்சம், அவர் ஆட வேண்டிய முறை, நம் ராணி ஜி6-இல்: ஸ்டேல்மேட், அதாவது செக்கும் இல்லை, நகரவும் வழியில்லை, அதனால் டிரா. மூலை ராஜாவிலிருந்து குதிரை நடை தூரத்தில் ராணியை நிறுத்தினால் இதுதான் நடக்கும். எச் வரிசைச் சிப்பாயும் வெள்ளைக் கட்ட பிஷப்பும் வைத்துக்கொண்டு "ஒரு காய் கூட இருக்கு" என்று பெருமைப்படுவது இன்னொன்று. சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 கறுப்புக் கட்டம், அந்த பிஷப்பால் அதைத் தொட முடியாது. எதிர் ராஜா அந்த மூலைக்குள் புகுந்துவிட்டால் பிரம்மாவே வந்தாலும் டிராதான். இப்படிப்பட்ட எண்ட்கேமுக்குள், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்துக்குள் இறங்கும் முன், எந்தச் சிப்பாயை மாற்றிக்கொண்டோம் என்று பார்த்தால் தப்பு அங்கே கிடைக்கும்.

யானை எண்ட்கேமில் "பாலம் கட்ட", அதாவது செக்குக்குக் குறுக்கே யானையை நிறுத்தத் தெரியாமல் போவதும் அடிக்கடி நடக்கும். வெள்ளை ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, யானை எஃப்1. கறுப்பு ராஜா ஈ7, யானை எச்2. முதலில் ஈ1-இல் செக். ராஜா டி7-க்கு ஒதுங்கியதும் யானையை ஈ4-க்கு ஏற்றுங்கள். கறுப்பு யானை எச்1-இல் காத்திருக்கும். நம் ராஜா எஃப்7, ஜி6, எஃப்6, ஜி5 என்று இறங்கி வர, அது செக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஜி5-இல் வாங்கும் செக்குக்கு யானை ஜி4-இல் குறுக்கே நிற்கும். அவ்வளவுதான். ஈ4 தெரியாதவர் சிப்பாயை ராணியாக்கும் கனவிலேயே ராஜாவை ஊர்வலம் விட்டு, அதே நிலை மூன்றாம் முறை வந்ததும் எதிராளி டிரா கேட்டு ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிடுவதைப் பார்ப்பார்.

கண்டுபிடித்த நிலையை அப்படியே வைத்து, ஜெயிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து என்ஜினோடு ஆடிப் பாருங்கள். திரும்பவும் டிரா ஆனால், ஹாலுக்கு வெளியே பேசியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேலையும் பாக்கி: எதிராளி விட்ட வாய்ப்புகளையும் பார்க்க வேண்டும். 19-வது நகர்வில் அவருக்கு இரண்டே நகர்வில் மேட் இருந்தது என்று என்ஜின் சிவப்பில் காட்டும். அதை அவருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டாம். அவரும் இந்நேரம் என்ஜினைத் திறந்து வைத்திருப்பார்.