கட்டி இழுக்குற வண்டிக்கு ரெஸ்ட்னு யார் சொன்னது

ஃபோர் வீல் டிரைவ் வண்டில கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள்ள இருக்குற பெரிய பல்சக்கரம் கிரவுன், அதோட சேர்ந்து சுத்துற சின்னது பினியன்) மாத்தி, ஆயில் ஊத்தி, வண்டிய ஜாக்ல இருந்து எறக்கினதும் கஸ்டமர் கேக்குற கேள்வி அநேகமா ஒண்ணுதான். "அண்ணே, டோ பார்ல (இன்னொரு வண்டி பின்னாடி கட்டி இழுக்குற கம்பி) மாட்டி இப்பவே கிளம்பிடலாம்ல, இன்ஜின்தான் ஓடப்போறதில்லயே?" நாலு சக்கரமும் ரோட்டுல உருள உருள இழுத்துட்டுப் போறவங்க எல்லாருக்கும் இந்த நெனப்பு இருக்கு. இன்ஜினுக்கு ரெஸ்ட்தான், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பவர பிரிச்சு அனுப்புற ட்ரான்ஸ்ஃபர் கேஸ நியூட்ரல்ல போட்டுட்டா கியர்பாக்ஸுக்கும் ரெஸ்ட்தான். ஆக்சிலுக்கு ஏது ரெஸ்ட், சக்கரம் சுத்தினா கிரவுன் சுத்தணும், கிரவுன் சுத்தினா பினியன் சுத்தணும், அதோட ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல இருக்குற டிரைவ் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுத்தும்.

எவ்ளோ சுத்தும்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுவேன், அப்பதான் நம்புவாங்க. 35 இஞ்ச் டயர், மணிக்கு 80 கிலோமீட்டர்ல இழுக்குறீங்க, சக்கரம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 480 சுத்து. நீங்க புதுசா போட்டது 4.88 ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுத்துக்கு பினியன் 4.88 சுத்து, அப்ப பினியன் 2,300 சுத்துக்கு மேல. பழைய 3.73 இருந்திருந்தா அதே டயருக்கு 1,800 கூட வராது. பெரிய டயருக்கு இன்ஜின் திணறக் கூடாதுன்னுதான் ரேஷியோ ஏத்துனோம், ஆனா அந்த இன்ஜின் ஆஃப்ல தூங்குற நேரத்துலயும் அந்த எக்ஸ்ட்ரா வேகத்த பினியன் பேரிங் தாங்கிட்டுதான் இருக்கு.

அதுல புது பேரிங் வேற. பிரீலோடு, அதாவது பேரிங்க இறுக்கி வைக்குற அளவு, பழைய பேரிங்க விட டைட்டா வச்சிருப்போம், கொஞ்சம் ஓடித்தான் அது செட்டாகும், அதுவரைக்கும் சூடு அதிகம். கிரவுன் பினியன் பல்லும் சும்மா உருளாது, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டே போகும், அதனாலதான் அதுக்கு அந்த வழுக்கல தாங்குற ஜிஎல்-5ங்கற கியர் ஆயில். நிறைய கியர் கம்பெனிங்க சொல்ற முறை என்னன்னா, முதல்ல 20, 30 கிலோமீட்டர் மெதுவா ஓட்டு, நிறுத்து, நல்லா ஆற விடு, அப்புறம் 800 கிலோமீட்டர் வரைக்கும் அடிச்சு ஓட்டாத, பாரம் இழுக்காத, அது முடிஞ்சதும் ஆயில மாத்து. முதல் ஆயில்ல சாம்பல் கலர்ல பொடி வரும், பயப்பட வேணாம், துண்டு துண்டா வந்தாத்தான் பயப்படணும்.

அப்ப இழுத்துட்டே போய் அந்த 800அ முடிச்சிடலாமேன்னு சில புத்திசாலிங்க கேப்பாங்க. முடியாது. ஓட்டும்போது பினியன் கிரவுன தள்ளுது, இழுக்கும்போது கிரவுன்தான் பினியன தள்ளுது, அதாவது பல்லோட பின்பக்கம்தான் உரசுது, அதுவும் டிரைவ் ஷாஃப்ட சுத்துற அளவு லேசான லோடுல. வேலை செய்ய வேண்டிய பக்கம் புதுசாவேதான் இருக்கும். சூடு மட்டும் ஏறும், பிரயோஜனம் கிடையாது.

ஆனா என்னைக் கேட்டா சூட்ட விட பெரிய பிரச்சனை காது. டயல் கேஜ் வச்சு பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, பாத்துருப்போம், பெயின்ட் தடவி பல்லு எங்க படுதுன்னு பாத்துருப்போம், எல்லாம் சரி, கடைசி தீர்ப்பு ரோட்டுலதான். ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஒரு ஊளை, விட்டா வேற ஊளை, பினியன் பேரிங்னா கடகடன்னு ஒரு சத்தம், உள்ள உக்காந்திருக்குறவனுக்கு எல்லாம் கேக்கும். கட்டி இழுக்குற வண்டில யாரு உக்காந்திருக்கா? முன்னாடி வண்டிக்காரர் கண்ணாடிய ஏத்தி ஏசிய போட்டு பாட்டு கேட்டுட்டு போவாரு, பின்னாடி ஆக்சில் கத்தி கத்தி ஓஞ்சு போனாலும் அவருக்குத் தெரியவே தெரியாது. அதனாலதான் ஓட்டிப் பாக்காம டோ பண்ண நான் ஒத்துக்கறதே இல்ல, அவசரம்னு கெஞ்சினாலும் சரி.

அவசரம் நெசமாவே இருந்தா ட்ரெய்லர்ல ஏத்திடுங்க, சக்கரமே சுத்தாது, பேச்சு முடிஞ்சது. முன்னாடி லாக்கிங் ஹப் (சக்கரத்த ஆக்சில்ல இருந்து பிரிச்சு விடுறது) இருக்குற வண்டின்னா ஹப்ப ஃப்ரீல விட்டா முன் ஆக்சில் தப்பிச்சிடும். பின்னாடி ஃபுல் ஃப்ளோட் ஆக்சிலா (வண்டி பாரத்த ஷாஃப்ட் தாங்காத டைப்) இருந்தா ஆக்சில் ஷாஃப்ட உருவிட்டு ஓட்டைய மூடி போட்டு அடைச்சுட்டு இழுக்கலாம். டிரைவ் ஷாஃப்ட கழட்டிட்டா போதும்னு நெனைக்கிறவங்களும் உண்டு, அது ட்ரான்ஸ்ஃபர் கேஸத்தான் காப்பாத்தும், பினியன் அப்பவும் சுத்தும். கியர்பாக்ஸ எதுல வைக்கணும்ங்கறது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல பாருங்க, ஸ்டியரிங் லாக் மட்டும் கண்டிப்பா எடுத்திருக்கணும்.

இழுத்துதான் ஆகணும்னா முதல் நிறுத்தம் 25 கிலோமீட்டர்லயே வைங்க. டெம்பரேச்சர் கன் இருந்தா பினியன் பேரிங் இருக்குற மூக்குப் பக்கம் புடிச்சு பாருங்க, ரெண்டு ஆக்சிலயும். சூடு இருக்கும், ஆனா ஒண்ணு மட்டும் தனியா எகிறியிருந்தா அதோட நிறுத்திடுங்க. பினியன் சீல்ல கசிவு தெரிஞ்சா சீல குறை சொல்றதுக்கு முன்னாடி பிரீதர், அதாவது ஆக்சில் காத்து விடுற வழி, அடைச்சிருக்கான்னு பாருங்க, சூடான காத்து வெளிய போக வழியில்லன்னா ஆயிலத்தான் தள்ளும்.

இன்னொண்ணு, சாவி ஆஃப்ல இருந்தா நிறைய வண்டில இழுத்த தூரம் ஓடோமீட்டர்ல ஏறாது. அந்த தூரம் 800 கணக்குல சேராதுன்னாலும் பேரிங்கும் ஆயிலும் அவ்ளோ தூரம் ஒழைச்சிருக்கு, தனியா ஒரு பேப்பர்ல எழுதி டேஷ்போர்டுக்குள்ள போட்டு வைங்க, அடுத்து ஆயில் மாத்துறவனுக்கு உதவும்.