பெண்ணையாத்துல முங்குன ஹெரால்டு: கொட்டாய் நாட்குறிப்பு

2025 ஜூலை 6, ஞாயிறு

எங்க ஹெரால்டு காரோட பழைய இன்ஜின இனிமே நம்பி பிரயோஜனம் இல்லன்னு இன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். போன டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் ஓஞ்ச கையோட சாத்தனூர் அணைத் தண்ணி பெண்ணையாத்துல பொங்கி வந்துச்சில்ல, அப்ப எங்க கொட்டாய்ல இடுப்பளவு நின்னுச்சு. ஹெரால்டு பானட்டுக்குள்ள பூரா சேறு. கார்பரேட்டர் வழியா தண்ணி எறங்கி நாலு சிலிண்டரும் ரொம்பி, நாங்க வீட்டுச் சேத்த வாரிக்கிட்டு இருந்ததுல ரெண்டு மாசம் அப்படியே கெடந்துச்சு. பிப்ரவரில ஹெட்ட கழட்டுனா ரெண்டு பிஸ்டன் சிலிண்டர்லயே ஒட்டிக்கிச்சு, தட்டி எடுத்ததுல ஒண்ணு ஒடஞ்சே போச்சு. பிஸ்டன் சுத்தி விடுற கிராங்க் தண்டுல துரு தின்ன குழி. இதுக்கு உருப்படி தேடி நாலு மாசமா ஊர் ஊரா அலைஞ்சதுதான் மிச்சம்.

தெரியாதவங்களுக்கு: இது மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தாத்தா வாங்குனது. சீமையில 1959ல வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இங்க 1961லேர்ந்து ஸ்டாண்டர்டுன்னு பேரு மாறி வந்துச்சு. வரைஞ்சவரு மிக்கெலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரரு. 948 சிசி, புதுசுலயே 35 குதிரைதான். பாடி தனி, சேசிஸ் தனி, அதனால பாடிய கீறாம சேசிஸ்ல என்ன வேணா போல்ட் பண்ணலாம். அந்த தைரியத்துலதான் எறங்குறேன்.

அப்பாகிட்ட பைக் இன்ஜின் வெக்கப் போறேன்னு சொன்னேன். "அப்ப பைக்குல என்னாத்த வெப்ப, தையல் மெஷின் மோட்டாரா?"ன்னாரு.

ஜூலை 13, ஞாயிறு

இன்ஜின் வந்துருச்சு. அடிபட்டு சேசிஸ் வளைஞ்ச ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்கோடது, வயரிங், ஈசியு (இன்ஜின நடத்துற கம்ப்யூட்டர்), ஆயில் கூலர் எல்லாம் சேத்து பில்லோட 95 ஆயிரம். 648 சிசி, ரெண்டு சிலிண்டர், 47 குதிரை, 6 கியர். ஹெரால்டு இன்ஜின எறக்க செயின் பிளாக் கட்டுனோம், இத நானும் மெக்கானிக் அண்ணனும் கையிலயே தூக்கி வெச்சிட்டோம்.

வெக்கறதுலதான் விஷயமே. பைக்குல கிராங்க் குறுக்கால கெடக்கும், ஹெரால்டுல இன்ஜின் முன்னாடி, தள்ளுற வீல் பின்னாடி. அதனால இன்ஜின 90 டிகிரி திருப்பி, செயின் பல்சக்கரம் டிரைவர் சீட்டு பக்கமா பாக்குற மாதிரி வெச்சு, அதுலேர்ந்து ப்ரொப்பல்லருக்கு, அதான் பின் வீலுக்கு சுத்த கொண்டு போற நீளத் தண்டுக்கு, எடுக்கணும். தப்பா திருப்பி வெச்சா ஆறு கியரும் ரிவர்ஸ் ஆயிடும். சாக்பீஸால அம்புக்குறி போட்டு மூணு தடவ பாத்தேன். இந்த பைக்குல செயின் இடது பக்கம், அந்தப் பக்கம் நின்னு பாத்தா முன்னாடி போறப்ப பல்சக்கரம் கடிகாரத்துக்கு எதிரா சுத்தும், ஹெரால்டு ப்ரொப்பல்லரும் பின்னாலேர்ந்து பாத்தா எதிர்சுத்துதான். சரியா ஒக்காருது! அது மட்டும் இல்ல, இப்படி வெச்சா சைலன்ஸர் பைப்பு ரெண்டும் இடது பக்கம் போயிடுது, ஸ்டீயரிங் ராடு வலது பக்கம், ஒண்ணுக்கொண்ணு இடிக்கல. நான் யோசிச்சு செஞ்சது இல்ல, அதுவா அமைஞ்சது.

ஜூலை 27, ஞாயிறு

கணக்கு போட்ட நாள். பைக்குல முன்னாடி 15 பல், பின்னாடி 38, அதாவது ரெண்டரை சுத்துக்கு வீல் ஒரு சுத்து. ஹெரால்டுல பின் வீல் ரெண்டையும் சேத்து ஒரு சுத்து சுத்துனா ப்ரொப்பல்லர் கிட்டத்தட்ட 5 சுத்து வருது, அதுலயும் வீல் சின்னது, 13 இன்ச். ஆக மொத்தம் பைக்குல 100ல போற அதே ஆர்பிஎம்ல காரு 45ல போவும். ஸ்பீடு போச்சேன்னு அழுவக்கூடாது, அது வேணும். பைக்கு ஆளோட 280 கிலோ, காரு ஆளுங்களோட 900க்கு மேல. எடை மூணு மடங்குக்கு மேல கூடிருச்சு, கியரிங் ரெண்டு மடங்கு சொச்சம்தான் தாங்குது. மீதிய யாரு தாங்குறது? கிளட்ச் பிளேட்டுதான், பாவம்.

லேத்துக்கு புதுச்சேரி தட்டாஞ்சாவடி போனேன். பைக் பல்சக்கரத்தோட பல்ல சீவிட்டு, தண்டுல மாட்டுற நடு ஸ்ப்லைன (வரிப்பள்ளத்த) மட்டும் வெச்சுக்கிட்டு, அதுல ஒரு ஃபிளேஞ்ச் (வட்டத் தகடு) போல்ட் பண்ணி ப்ரொப்பல்லர மாட்டணும். லேத்துக்காரரு பெரியவரு, படத்த பாத்துட்டு "தம்பி, வெல்டிங் மட்டும் போட்டுறாத, சுருங்கி கோணிக்கும்"னாரு. சரி சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஆடி 18

வெல்டிங்தான் போட்டேன். போல்ட்டுக்கு நாலு நாள் ஆவும்னாரு, எனக்கு பொறுக்கல. ஆட்டத்த அளக்குற டயல் கேஜ் வெச்சா 0.6 மில்லிமீட்டர் ஆட்டம். காசு தண்டம். வீட்டுல சித்ரான்னம் தின்னுட்டு படுத்துட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெரியவரு ஒரு வார்த்த சொல்லாம ரெண்டாவது ஃபிளேஞ்ச் போல்ட் முறையில போட்டுக் குடுத்தாரு. 0.05 தான் ஆட்டம். இவருகிட்ட திட்டு வாங்கியிருந்தாக்கூட தேவலாம் போல இருந்துச்சு.

வயரிங் மாட்டி செல்ஃப் அடிச்சா சத்தமே இல்ல. சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் எல்லாத்தயும் பாத்து பாத்து ஒரு வழியா கிராங்க் சுத்துச்சு, ஆனா ஸ்டார்ட் ஆவல, பெட்ரோல் பம்ப் சத்தத்தயும் காணோம். ராத்திரி பத்தரைக்கு அண்ணன்தான் சிரிச்சாரு. வண்டி கீழ விழுந்தா இன்ஜின கட் பண்ற சென்சார் ஒண்ணு இருக்கு, அத நான் படுக்க வெச்சு ஸ்க்ரூ போட்டுட்டேன். ஈசியு பாவம் வண்டி விழுந்து கெடக்குன்னு நெனச்சுக்கிச்சு. நிமித்தி வெச்ச உடனே புடிச்சிருச்சு பாருங்க... 270 டிகிரி கிராங்க், ரெண்டு சிலிண்டரும் சம இடைவெளில வெடிக்காது, அந்த தடதட ஹெரால்டு பானட்டுக்குள்ள கேக்குறப்ப எதிர் வீட்டு நாய் வரைக்கும் எழுந்து வந்துருச்சு.

செப்டம்பர் 7, ஞாயிறு

சூடு. காத்துல ஆறுற இன்ஜின், பைக்குல எதிர்க்காத்து நேரா படும், இங்க பானட்டுக்குள்ள பொட்டில அடைச்ச மாதிரி. ஆயில் கூலர கிரில்லுக்கு பின்னாடி வெச்சுட்டு, காயலாங்கடையில எடுத்த மாருதி ரேடியேட்டர் ஃபேன இன்ஜின் ஃபின்னு (சூடு ஆத்துற தகடுங்க) மேல அடிக்கிற மாதிரி தகரத்துல மடிச்சு வழி பண்ணேன். ஆயில் டேங்குக்குள்ள தடுப்புத் தகடும் போட்டாச்சு, ஏன்னா பைக்கு வளைவுல சாயும், ஆயில் அடியிலயே நிக்கும். காரு சாயாது, ஆயில் ஓரமா ஒதுங்கிரும், பம்பு காத்த உறிஞ்சும்.

கிளட்ச் பெடலும் பழைய ஹைட்ராலிக் சிலிண்டரும் அப்படியேதான், சின்ன லீவர் ஒண்ணு வெச்சு இழுக்க விட்டேன். முன்பக்கம் எடை கொறஞ்சதுல வண்டி மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிது, ஸ்ப்ரிங் மாத்தணும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ரிவர்ஸ் எங்கன்னு அப்பா கேட்டாரு. ஆறு கியரும் முன்னாடிதான். ஆட்டோ ரிவர்ஸ் பெட்டிய நடுவுல போடலாம்னு அண்ணன் சொல்றாரு, எனக்கு அது தாங்குமான்னு பயம். ப்ரொப்பல்லர்ல பல்வளையம் மாட்டி ஒரு கார் ஸ்டார்ட்டர் மோட்டார் வெச்சா பத்தடி பின்னாடி போவலாம், அதான் என் ஐடியா. மழைக்கு முன்னாடி ஆவாது.

ரோட்டுக்கு எப்ப வரும்னு கேக்குறவங்களுக்கு ஒரே பதில்: வராது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, ஆர்சி புக்குல உள்ளதுக்கு மாறா மாத்தக்கூடாது. பழைய பிளாக்க ஆயில் தடவி சாக்குல கட்டி பரண்ல வெச்சிருக்கேன். இது தோப்புக்குள்ள ஓட்டத்தான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பொட்டு, பொரி, எலுமிச்சம்பழம். தட்டாஞ்சாவடி பெரியவருக்கு வேட்டி வாங்கிட்டுப் போனேன், வாங்கிக்கிட்டாரு.

அக்டோபர் 5, ஞாயிறு

குட்டியானைல ஏத்தி பண்ருட்டி தாண்டி சித்தப்பா முந்திரித் தோப்புக்கு கொண்டு போனோம். ஒண்ணாவதுல கிளட்ச் வாசனை வந்துச்சு, ரெண்டாவதுலேர்ந்து பிரமாதம். செம்மண்ணுல நாலாவது கியர் வரைக்கும் போனேன், 40 தொட்டிருக்கும், ஸ்பீடா மீட்டர் இன்னும் மாட்டல.

ஹெரால்டு 25 அடிக்குள்ள திரும்பும், இந்த வண்டிக்கு அதுல பேரு. சித்தப்பா மரம் நட்டது 8 மீட்டர் இடைவெளி, அதாவது 26 அடி. ஒரு சந்துல போயி கடைசி மரத்துல முழுசா ஒடிச்சா அடுத்த சந்துல நேரா வந்து நிக்கிது, ரிவர்ஸே தேவப்படல! தாழ்ந்த கிளை ரெண்டு கண்ணாடில அடிச்சதோட சரி. ஒம்போது சந்து ஓட்டுனேன், அப்பா பக்கத்துல உக்காந்து பாட்டு கணக்கா கியர எண்ணிக்கிட்டே வந்தாரு.

அப்புறம் சித்தப்பா தானும் ஓட்டுவேன்னு ஏறுனாரு. மோட்டார் கொட்டாய் செவுத்துக்கு ஒரு அடி தள்ளி மூக்கு நேரா நின்னுச்சு. நாங்க நாலு பேரும் முன்னாடி போயி பம்பர்ல கைய வெச்சு தள்ளுனோம். அவரு ஸ்டீயரிங்க புடிச்சிக்கிட்டு உள்ளயே உக்காந்துருந்தாரு, எறங்கல.