"கொஞ்சம் அழுகிற மாதிரி எழுதுங்கோ தம்பி"

திருகோணமலையில் சின்னச் சின்ன வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் விளம்பரம் எழுதிக் கொடுப்பது என் பக்க வேலை. வருகிற எல்லாரும் முதலில் கையில் தருவது ஒரே வரிதான்: "தரமான, சுத்தமான, சுவையான." கருவாட்டுக்கும் அதுதான், கிண்ணியாத் தயிருக்கும் அதுதான், உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ் சாப்பாட்டுக்கும் அதுதான். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரரும் அதையே போட்டிருந்தால் வாசிக்கிறவர் யாரை நம்புவார்?

கருவாடு போடுகிற ஒரு அக்காவிடம் விளம்பரப் பேச்சை விட்டுவிட்டு, "ஏன் அக்கா, நீங்கள் வலை கட்டிப் பரண் மேல் காய வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கதை வந்தது. மாமி காலத்தில் கடற்கரையில் பாய் விரித்துத்தான் காயப் போடுவார்களாம், ஒருநாள் மத்தியானம் குழம்பில் மணல் கடிபட்டதும் மாமா ஒரு சொல்லும் பேசாமல் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனாராம், அடுத்த கிழமையே மாமி ஒரு பழைய வலையைத் தேடியெடுத்துப் பரண் கட்டிவிட்டாராம். இதை அக்கா சொன்ன மாதிரியே சில வரிகளில் எழுதி, கீழே "எங்கள் கருவாட்டில் மணல் கடிபடாது" என்று போட்டோம். சுத்தம் என்ற சொல்லே அதில் இல்லை. கனடாவில் இருந்து ஒருவர், மாமா பிறகு அந்தக் கருவாட்டைச் சாப்பிட்டாரா என்று கேட்டு எழுதினார், கேட்டுவிட்டு ஓடரும் கொடுத்தார்.

மணல் கடிபட்ட அனுபவம் நம் ஆட்கள் எல்லாருக்கும் உண்டு. அந்தக் கதையில் வருகிற உணர்ச்சியும் சாமானின் தரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பரணை எடுத்துவிட்டால் கதையும் இல்லை. வாங்கியவர் வீட்டில் பொரித்துப் பார்த்து அது உண்மையா என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நிறையப் பேர் என்னிடம் அப்படிக் கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது, அழுகை வேலை செய்யும் என்பது ஆய்விலேயே வந்த விஷயம். 2007இல் ஸ்மால், லோவென்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கையில் 5 டொலர் வைத்திருந்தவர்களிடம் பசிக்கொடுமைக்கு நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டு ரோக்கியா என்ற ஒரு சிறுமியின் கதையை மட்டும் வாசித்தவர்கள் சராசரியாக 2.38 டொலர் கொடுத்தார்கள், வெறும் புள்ளிவிவரம் வாசித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது 1.43தான். ஆகவே ஒரு ஆளின் கதை போதும், மேலே இலக்கங்களைக் கொட்டாதீர்கள் என்பது விளம்பரம் எழுதுகிறவருக்கும் நல்ல பாடம்தான்.

ஆனால் அது நன்கொடை, ஐயா! கொடுத்தவர் திரும்பி வந்து ருசி சரியில்லை என்று சொல்லப் போவதில்லை. இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒரு பக்கெட் வாங்குவார், கடமை முடிந்தது என்று போய்விடுவார். இரண்டாவது பக்கெட்டை விற்க இரக்கத்தால் முடியாது. அதைவிடப் பெரிய காரணம் இந்த ஊர். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் ஆளை இழக்காத குடும்பத்தை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் உங்கள் அண்ணனின் சாவை மிளகாய்த்தூள் விளம்பரத்தில் எழுதினால், அதை அண்ணனின் பிள்ளைகளும் போனில் பார்ப்பார்கள். அந்தக் கதை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நான் எழுதிக் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

மாமா கதையைக்கூட மாமியிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போட்டோம். அவர் சிரித்துவிட்டு ஒரு வரியைத் திருத்தச் சொன்னார், எது என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் கதை தேவையில்லை. தண்ணீர்ப் பம்புக்கு வாஷர் தேடி அவசரமாக வருகிற மனுஷனுக்கு உங்கள் தாத்தா கடை திறந்த வரலாறு எதற்கு? அளவையும் விலையையும் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா என்றும் போடுங்கள்.