மிலேத்துவில் பவுல் விடைபெற்ற விதம்

பயணம் புறப்படுகிறவர்களை ஜெபித்து அனுப்பும் வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, வேதாகமத்தில் லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 20-ஆம் அதிகாரத்தை நான் அடிக்கடி திறந்து வாசிப்பதுண்டு. பெந்தெகொஸ்தே பண்டிகை நாளுக்குள் எருசலேமை அடைய விரைந்த அப்போஸ்தலனாகிய பவுல், எபேசுவில் தங்காமல் கடந்துபோய், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த மிலேத்து துறைமுகத்துக்கு எபேசு சபையின் தலைவர்களான மூப்பர்களை வரவழைத்தார். மூன்று வருடம் கண்ணீரோடு புத்தி சொல்லி வளர்த்த அவர்கள் இனித் தம் முகத்தைக் காணப்போவதில்லை என்பதையும், தாம் போன பின்பு கொடிய ஓநாய்கள் மந்தையாகிய சபைக்குள் நுழையும் என்பதையும் மறைக்காமல் சொன்ன பிறகே, தேவனுக்கும் அவருடைய கிருபையுள்ள வசனத்துக்கும் அவர்களை ஒப்புக்கொடுக்கிறார்.

ஆபத்து எதுவும் நேராது என்று அவர் உறுதி கூறவில்லை. வழியனுப்பும்போது நாமோ பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறோம். மந்தையைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கும் பொறுப்பை மூப்பர்களிடமிருந்து அவர் எடுத்துவிடவும் இல்லை.

விசுவாசிகள் அழக்கூடாது என்று துக்க வீடுகளில் சிலர் கண்டிப்பதைக் கேட்கும்போதெல்லாம், பவுலோடு ஜெபித்த அதே மூப்பர்கள் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு மிகவும் அழுதார்கள் என்று லூக்கா எழுதியிருப்பதை அவர்களுக்கு எடுத்துக்காட்டத் தோன்றுகிறது.